தட்டில் வருவது சைவம்தானா? பெருநகர உணவகங்களைப் பற்றி ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்விகள். வேலைக்காக வெளிநாட்டில் ஒரு பெரிய நகரத்துக்குக் குடிபெயர்கிறீர்கள். பிறந்ததிலிருந்து சைவம்; அண்மையில் பால், தயிர், நெய்யையும் விட்டுவிட்டீர்கள். அங்கே சைவ உணவகங்களும், பால், முட்டை, தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத வீகன் உணவகங்களும் ஏராளம் என்கிறார்களே, அவற்றை நம்பலாமா? அசைவமும் சமைக்கிற இடத்தில் சைவப் பதார்த்தம் வாங்கிச் சாப்பிடலாமா? அலுவலக நண்பர்கள் கூப்பிட்டால் என்ன செய்வது? மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது: சமையலறைக்குள் எட்டிப் பார்க்க முடியாத ஒருவர், தன் தட்டில் என்ன இருக்கிறது என்பதை யார் சொல்லை வைத்துத் தெரிந்துகொள்வது? எந்த நகரம் என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் எங்கே போனாலும் பொருந்தக்கூடியதை எழுதுகிறேன்.

கேட்டரிங் படித்துவிட்டு, பல நாட்டுச் சமையல் நடக்கும் பெரிய ஹோட்டல் அடுக்களைகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இப்போது சமையற்காரர்களுக்கும் பரிமாறுபவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் விஷயம் இது: சைவம் கேட்டவரின் தட்டில் இறைச்சித் துண்டு தவறி விழுவது அபூர்வம். பிரச்சினை எப்போதும் கண்ணுக்குத் தெரியாத மூன்றில்தான் இருக்கிறது. எந்தத் தண்ணீரில் வெந்தது, எந்தக் கொழுப்பில் வதங்கியது, எந்தச் சாஸ் ஊற்றப்பட்டது. மெனு அட்டை காய்கறியின் பெயரைச் சொல்லும்; இந்த மூன்றையும் சொல்லாது.

ஒரு சீன உணவகத்தின் அடுப்படியை நினைத்துப் பாருங்கள். சமையற்காரரின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரிய பாத்திரத்தில் ஸ்டாக் கொதித்துக்கொண்டே இருக்கும். கோழி எலும்பையோ பன்றி எலும்பையோ மணிக்கணக்காக வேகவைத்து வடித்த சாறு அது. உங்கள் கீரையும் பூண்டும் வாணலியில் விழுகின்றன. தீ பெரியது, இரண்டு புரட்டில் அடிபிடிக்கப் பார்க்கும். அப்போது சமையற்காரர் நீண்ட கைப்பிடிக் கரண்டியால் அந்தச் சாற்றில் அரைக் கரண்டி மொண்டு ஊற்றுவார். அது அவருக்கு ஒரு மூலப்பொருளே அல்ல. நாம் குழம்பு கெட்டியானால் வெந்நீர் விடுவதைப் போன்ற ஒரு கைப்பழக்கம். பரிமாறுபவரிடம் "இதில் இறைச்சி இருக்கிறதா?" என்று கேட்டால், "இல்லை, வெறும் கீரைதான்" என்று மனதார பதில் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வரையில் அதில் இறைச்சி இல்லை. கோழிப் பொடி, சிப்பி சாஸ் ஆகியவற்றின் கதையும் இதுதான். காளானிலிருந்து செய்யும் சைவச் சிப்பி சாஸ் கடைகளில் கிடைக்கிறது, ஆனால் அந்த அடுக்களையில் அது இருக்கிறதா என்பதைக் கேட்டால்தான் தெரியும்.

ஒவ்வொரு சமையலுக்கும் இப்படி ஒரு மறைவிடம் உண்டு. அதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஜப்பானியச் சமையலில் அது டாஷி என்ற அடிப்படைச் சாறு. உலர்த்திப் புகையூட்டிய சூரை மீனைச் சீவல்களாக்கி, கொம்பு என்ற கடற்பாசியோடு சேர்த்து எடுப்பது. மிசோ சூப், நூடுல்ஸ் ஊறும் குழம்பு, டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, வறுத்த டோஃபுவின் மேல் ஊற்றுவது என்று எல்லாவற்றிலும் அது இருக்கும். கொம்பும் உலர்ந்த ஷீடாக்கே காளானும் மட்டும் சேர்த்து எடுக்கும் டாஷியும் மரபில் உண்டு. புத்தமடாலயச் சமையல் அதை வைத்துத்தான் நடக்கிறது. தாய்லாந்துச் சமையலில் மீன் சாஸும், மசாலா விழுதுக்குள்ளேயே அரைத்துவிட்ட இறால் விழுதும். விழுது முன்கூட்டியே தயாராகிவிடுவதால் "மீன் சாஸ் இல்லாமல்" என்று சொன்னாலும் இறால் போகாது. மெக்சிகோச் சமையலில் மசித்து வதக்கிய பீன்ஸில் பன்றிக் கொழுப்பு மரபான பொருள், சோறு கோழிச் சாற்றில் வேகலாம். பிரெஞ்சு வெங்காய சூப்பின் உயிரே மாட்டெலும்புச் சாறு. வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி வகை மீன் உண்டு. சீசர் சாலட்டின் மேல் ஊற்றுவதிலும் பெரும்பாலும் அதே மீன்.

சீஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பால் சாப்பிடும் சைவர்களே இதில் ஏமாந்துபோகிறார்கள். பாலைத் திரியவைக்க ரென்னெட் என்ற நொதி சேர்க்கிறார்கள். அது கன்றின் இரைப்பையிலிருந்து வரலாம், நுண்ணுயிரிலிருந்தும் வரலாம், சில தாவரங்களிலிருந்தும் வரலாம். இன்று விற்கும் பல சீஸ்களில் நுண்ணுயிர் வழியாக எடுத்ததுதான். ஆனால் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டுமானால் கன்று ரென்னெட்தான் சேர்க்க வேண்டும் என்பது அதன் பாதுகாக்கப்பட்ட செய்முறை விதி. ஆகவே அந்தப் பெயரில் உண்மையான சீஸைத் தூவுகிற இத்தாலிய உணவகத்தில் "சைவ" பாஸ்தா கண்டிப்பான பொருளில் சைவம் ஆகாது. துளசி அரைத்த பெஸ்டோவுக்குள்ளும் அந்த வகைச் சீஸ் இருக்கும். நீங்கள் பாலை விட்டுவிட்டதால் சீஸ் எப்படியும் வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டிலிருந்து யாராவது வந்து தங்கினால் இது பயன்படும்.

முட்டையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உலகின் பெரும்பகுதியில் சைவம் என்று குறித்திருக்கும் பதார்த்தத்தில் முட்டை தாராளமாக இருக்கலாம். அது அவர்களுக்கு முரண்பாடே இல்லை. வறுத்த சோறு, புதிதாகப் பிசைந்த பாஸ்தா, மயோனைஸ், மெருகேற்றிய ரொட்டி எல்லாவற்றிலும் வரும். வீகன் என்று குறித்திருந்தால் முட்டையும் பாலும் இரண்டும் விலகிவிடும். ஆகவே பால் சாப்பிடுகிற, முட்டை சாப்பிடாத ஒருவருக்குக்கூட வெளிநாட்டில் வீகன் குறிதான் நேரான வழி.

சரி, எப்படிக் கேட்பது? "இது சைவமா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அதற்கு வரும் "ஆமாம்" எதையும் சொல்வதில்லை. பொருளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: இந்தச் சூப்புக்கு அடிப்படைச் சாறு என்ன? பீன்ஸ் எந்தக் கொழுப்பில் வதக்கியது? மசாலா விழுது இங்கேயே அரைப்பதா, அதில் இறால் இருக்கிறதா? இப்படிக் கேட்டால் பரிமாறுபவருக்குத் தெரியாவிட்டால் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருவார். அவர் எழுந்து உள்ளே போனார் என்பதே நல்ல அறிகுறி. உள்ளே போகாமல், யோசிக்காமல், உடனே தலையாட்டுகிறவரின் பதிலை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். முடிந்தால் முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள், மதியக் கூட்டம் வடிந்து இரவு வேலை தொடங்குவதற்கு முந்தைய நேரத்தில். அப்போது சமையற்காரரே ஓய்வாக இருப்பார், பொறுமையாகப் பேசுவார். கூட்டம் நெரியும் இரவு எட்டரை மணிக்கு ஆர்டர் சீட்டுகள் வரிசையாகத் தொங்கும்போது, எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் உங்கள் கேள்விக்கு அவரிடம் நேரம் இருக்காது. மொழி தெரியாத ஊராக இருந்தால், சாப்பிடாத பொருட்களை அந்த ஊர் மொழியில் தெளிவாக எழுதி ஒரு சீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். "வீகன்" என்று மட்டும் எழுதாதீர்கள். இறைச்சி, மீன், எலும்புச் சாறு, மீன் சாஸ், முட்டை, பால், வெண்ணெய், தேன் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். அதை நேராக அடுப்படிக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லலாம்.

பலர் பயன்படுத்தாத ஒரு கருவி ஒவ்வாமைப் பட்டியல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து, பொட்டலமிடாத உணவுக்கும், அதாவது உணவகத்தில் தட்டில் வருவதற்கும், 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிய தகவலைத் தர வேண்டும் என்பது சட்டம். பிரிட்டனிலும் அதே 14 தான். பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, சிப்பி கணவாய் வகை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே "ஒவ்வாமைப் பட்டியலைக் காட்ட முடியுமா?" என்று கேட்டால், பல இடங்களில் பரிமாறுபவரின் ஊகத்துக்குப் பதிலாக எழுத்தில் ஒரு தாள் உங்கள் கைக்கு வரும். மறைந்திருக்கும் வெண்ணெய், மீன் சாஸ், சிப்பி சாஸ் மூன்றும் அதில் சிக்கிவிடும். ஆனால் அதன் எல்லையையும் மனதில் வையுங்கள்: கோழிச் சாறு, மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின், தேன் எதுவும் அந்த 14-க்குள் வராது. அவற்றை வாய்விட்டுக் கேட்டுத்தான் ஆக வேண்டும். மற்ற நாடுகளில் இந்தச் சட்டம் வேறுவிதமாக இருக்கும். இருந்தாலும் பெரிய சங்கிலி உணவகங்கள் பெரும்பாலும் இப்படி ஒரு அட்டவணையை இணையத்தில் போட்டுவைத்திருக்கின்றன.

அந்த அட்டவணையை நீங்கள் இருக்கும் நாட்டின் பக்கத்தில் பாருங்கள். ஒரே நிறுவனம், ஒரே பெயர் என்பதால் ஒரே பொருள் என்று நினைக்க வேண்டாம். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1990-இல் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வறுவலுக்கு மாட்டுக் கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியது. சைவர்கள் நம்பிச் சாப்பிட்டார்கள். மாட்டிறைச்சியிலிருந்து எடுத்த சுவையூட்டி அதில் தொடர்ந்து இருந்தது தெரியவந்தபோது 2001-இல் வழக்கானது. 2002-இல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, இந்து, சைவ உணவு அமைப்புகள் உள்ளிட்டவற்றுக்கு 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் அந்தச் சுவையூட்டி இன்றும் பொருள் பட்டியலில் இருக்கிறது. பிரிட்டனில் அதே நிறுவனத்தின் வறுவலில் அது இல்லை. எண்ணெய் மாறிவிட்டது என்ற செய்தியோடு நின்றுவிடாமல் முழுப் பொருள் பட்டியலையும் படிக்க வேண்டும் என்று நான் மாணவர்களுக்கு இதை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. பொதுவான எண்ணெய், பொதுவான கல், பொதுவான கரண்டி என்று வரும்போது உறுதி குறைகிறது. சைவமும் அசைவமும் சமைக்கும் இடத்தில் பொரிக்கும் எண்ணெய் தனித்தனியாக இருக்கும் என்று தானாக எண்ணிக்கொள்ளாதீர்கள். சின்ன அடுக்களையில் ஒரே பொரிகலத்தில்தான் கோழியும் இறாலும் உருளைக்கிழங்கும் பொரியும். எண்ணெயைத் தினமும் மாற்றுவதும் இல்லை. பர்கர் கல்லும் அப்படியே. பர்கர் கிங் நிறுவனம் 2019-இல் தாவரப் புரத வடையை வைத்து ஒரு பர்கரை அமெரிக்கா முழுவதும் கொண்டுவந்தபோது, இறைச்சி சுடும் அதே அடுப்பில் அதையும் சுடுகிறார்கள் என்று ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். நீதிமன்றம் 2020-இல் அதைத் தள்ளுபடி செய்தது. இறைச்சியில்லாத வடை தருவதாகத்தான் நிறுவனம் சொன்னது, அதைத் தந்தது என்பது அங்கே எடுபட்ட வாதம். தனியாகச் சமைத்துத் தரச் சொல்லிக் கேட்கும் வழி அங்கே இருந்தது, கேட்டவர்களுக்குச் செய்தும் தந்தார்கள். தாவர வடை என்ற சொல்லுக்குள் தனி அடுப்பு அடங்கவில்லை என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே உங்கள் எல்லை எது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உயிர்க்கொலைக்குத் துணைபோகக் கூடாது என்பதற்காக வீகனாக இருப்பவர்கள் பலர், பொது எண்ணெயைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த எண்ணெயால் கூடுதலாக ஒரு விலங்கும் சாகப்போவதில்லை என்பது அவர்கள் நியாயம். சமயப் பழக்கத்தாலோ அருவருப்பாலோ விலகுபவர்களுக்கு அது தாங்காது. இரண்டும் மதிக்கத்தக்க நிலைகள். எனக்குத் தெரிந்து அதிகம் வருந்துபவர்கள், முன்கூட்டி முடிவு செய்யாமல் மேஜைக்குப் போய் அங்கே தடுமாறுபவர்கள்தான். வீட்டிலேயே யோசித்து முடிவெடுத்துவிடுங்கள். கேள்வி கேட்பதும் எளிதாகிவிடும். ஒன்று மட்டும் விதிவிலக்கு: பாலோ முட்டையோ உடலுக்கு ஒத்துக்கொள்ளாத ஒவ்வாமை யாருக்காவது இருந்தால், வீகன் குறியை மட்டும் நம்பி அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். வீகன் என்பது அந்தப் பொருளைச் சேர்க்கவில்லை என்ற உறுதி. துளிகூடக் கலந்திருக்காது என்ற உறுதி அல்ல. ஒவ்வாமை என்று தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும், மருத்துவர் சொன்னதைப் பின்பற்ற வேண்டும்.

முழுச் சைவ உணவகத்தை நம்பலாமா என்று கேட்டீர்கள். அசைவம் விஷயத்தில் தாராளமாக நம்பலாம். கட்டடத்துக்குள்ளேயே எலும்புச் சாறு இல்லையென்றால் அது தவறிக்கூட உங்கள் கீரையில் விழ வழியில்லை; எத்தனை கேள்வி கேட்டாலும் கிடைக்காத நிம்மதி அது. இப்படிப்பட்ட இடங்கள் புதிதாக முளைத்தவை என்றும் எண்ண வேண்டாம். சூரிச் நகரத்தின் ஹில்ட்ல் உணவகம் 1898-லிருந்து நடக்கிறது. உலகின் மிகப் பழைய சைவ உணவகம் என்று கின்னஸ் அதை அங்கீகரித்திருக்கிறது. ஆனால் பால், முட்டை, தேன் விஷயத்தில் முழுச் சைவ இடத்திலும் கேள்வி தொடரும். இறைச்சி போலச் செய்யும் சைவப் பொருட்களில் முட்டை வெள்ளைக்கரு ஒட்டுப்பொருளாகச் சேருவது சாதாரணம். குவார்ன் என்ற பூஞ்சைப் புரத வகையின் பெரும்பாலான பொருட்கள் அப்படித்தான், வீகன் வகை தனியாக வருகிறது. நம் ஊர்க்காரர் நடத்தும் சைவ உணவகம் என்றால் நெய்யையும் தயிரையும் கேளுங்கள். தாளிப்பில் நெய், நான் ரொட்டி மாவில் தயிர், குருமாவில் பாலேடு என்று சொல்லாமலே விழும் இடங்கள் அவை.

எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு: வீகன் என்ற பலகையே மாட்டாத, ஆனால் நெடுநாள் நோன்பு மரபால் அந்தச் சமையலை நன்றாகத் தெரிந்த உணவகங்களைத் தேடுவது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் புதன், வெள்ளி தோறும், ஈஸ்டருக்கு முந்தைய நீண்ட தவக்காலத்திலும், இறைச்சியும் பாலும் முட்டையும் விலக்கி உண்கிறார்கள். அதனால் எத்தியோப்பிய உணவகத்தில் "நோன்புத் தட்டு" என்று கேட்டால் இன்ஜெரா அப்பத்தின் மேல் பருப்பும் கடலை மாவுக் குழம்பும் கீரையும் குவியலாக வரும். மசாலா போட்டு உருக்கிய வெண்ணெய் அவர்கள் வழக்கம் என்பதால், எண்ணெயில் செய்ததுதானே என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். புளித்த மாவின் சுவை நம் நாக்குக்கு அந்நியமாகவும் தெரியாது. சீனப் புத்தமதச் சைவ உணவகங்களில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. பாலும் முட்டையும் சில இடங்களில் உண்டு, கேட்க வேண்டும். தாய்லாந்து உணவகத்தில் "ஜே" என்று கேட்டால் மீன் சாஸும் இறாலும் முட்டையும் இல்லாத நோன்புச் சமையல் என்று புரிந்துகொள்வார்கள். யூத உணவு விதிப்படி நடக்கும் பால் உணவகங்களில் இறைச்சி அடுக்களைக்குள்ளேயே வராது, ஆனால் மீன் வரும். அவர்கள் "பாரேவ்" என்று குறிப்பது இறைச்சியும் பாலும் இல்லாதது. அதிலும் முட்டையோ மீனோ இருக்கலாம்.

இணையப் பட்டியல்கள் பயன் தரும். ஹேப்பிகவ் என்ற தளம் 1999-லிருந்து உலக நகரங்களின் சைவ, வீகன் உணவகங்களைத் தொகுத்து வருகிறது. புது ஊரில் முதல் வாரம் அதை வைத்தே ஓட்டிவிடலாம். பதிவின் தேதியை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள். நியூயார்க்கின் லெவன் மேடிசன் பார்க் உணவகம் 2021-இல் முழுத் தாவர உணவுக்கு மாறி உலகமே பேசியது. 2025-இல் இறைச்சியையும் மீண்டும் கொண்டுவந்தது. அவ்வளவு பெயர்பெற்ற இடமே மாறுகிறதென்றால், தெருமுனைக் கடையைப் பற்றிய மூன்றாண்டுப் பழைய குறிப்பை நம்பிப் பசியோடு கிளம்பாதீர்கள். உணவைப் பற்றிய புகழ்ச்சியைவிட, "இன்ன சாஸில் மீன் இருக்கிறதா என்று கேட்டேன், மாற்றித் தந்தார்கள்" என்று எழுதியிருக்கும் குறிப்பு ஒன்று பெறுமானமுள்ளது.

இனிப்பிலும் பானத்திலும் சுருக்கமாக: ஜெல்லி, மூஸ், மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாய் ஆகியவற்றில் ஜெலட்டின் இருக்கக்கூடும். பால் இல்லாதது என்று விற்கும் காப்பி வெண்மையூட்டியில் பால் புரதமான கேசினேட் இருக்கலாம். ஒயினைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளோ முட்டை வெள்ளைக்கருவோ சேர்ப்பதுண்டு. குடிப்பவராக இருந்தால் வீகன் குறி உள்ள புட்டியைக் கேளுங்கள்.

கடைசியாக அலுவலக நண்பர்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு தொடங்கும்போதே நீங்களே ஒரு இடத்தைச் சொல்லிவிடுங்கள். யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் மற்றவர்களும் காத்திருப்பார்கள். லெபனான் உணவகம் எல்லோருக்கும் ஒத்துவரும்: ஹம்முஸ் என்ற கொண்டைக்கடலை மசியல், சுட்ட கத்தரிக்காய் மசியல், தபூலே என்ற தழைச் சாலட், பருப்பும் சோறும் சேர்ந்த முஜத்தரா எல்லாம் இயல்பிலேயே தாவர உணவு. தயிர் சேர்க்கிறார்களா, ஃபலாஃபெல் என்ற கடலை வடை எந்த எண்ணெயில் பொரிகிறது என்று இரண்டு கேள்வி போதும். இத்தாலிய இடமென்றால் சீஸ் இல்லாத மரினாரா பீட்ஸா, அல்லது பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் போட்ட உலர் பாஸ்தா. வேறு வழியே இல்லாமல் இறைச்சி உணவகத்துக்குப் போக நேர்ந்தால், முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லி வையுங்கள். நேரம் கொடுத்துச் சொன்ன வீகன் ஆர்டரை நல்ல சமையற்காரர் விரும்பியே செய்வார். தினமும் ஒரே இறைச்சியைச் சுடும் கைக்கு அது ஒரு மாறுதல். நான் பழகிய அடுக்களைகளில், இப்படி முன்கூட்டிச் சொன்ன விருந்தாளியின் தட்டு பல நாட்களில் மேஜையிலேயே சிறந்ததாகப் போயிருக்கிறது. மேஜையில் உட்கார்ந்த பிறகு சொன்னால், அதே சமையற்காரரால் வேகவைத்த காய்கறியும் உருளைக்கிழங்கும்தான் தர முடியும்.